சாணி பூசிய சீதனவீடு

பெண்ணில் குறையிருந்தால் பொறுக்கலாம், கூரையில் இருந்தால் பொறுக்க முடியாது என்பது கமலாம்பிகையின் கொள்கை. அதனால் முதலில் சீதனவீட்டைப் பார்க்க வந்தாள். லண்டனின் லூயிஷாமிலிருந்து மகன் குகராஜ்தான் காரோட்டி வந்தான். வால்தம்ஸ்டோவுக்கு அப்பால் ஒரு பழைய பண்ணைவீடு. வாசலில் பெண் வதனி மட்டும் நின்றாள். தகப்பனுக்கு ஷிப்டாம்.

"இதென்ன பிள்ளை, தூணெல்லாம் குடிகாரன் மாதிரிச் சரிஞ்சு நிக்குது?"

"நானூறு வருசத்து ஓக் மரம் மாமி. ஈரம் காயாத பச்சை மரமாப் பூட்டினது, காயேக்கை வளைஞ்சிட்டுது."

"ஆணியொண்டையும் காணேல்லை?"

"ஆணிக்குப் பதிலா மரமுளைதான் அடிச்சிருக்கு மாமி."

"ஆணி வாங்கவும் வக்கில்லை. சுவராவது கல்லோ?"

"இல்லை மாமி. தடி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைச்சுப் பூசினது."

சுவரில் ஊன்றியிருந்த கையைக் கமலாம்பிகை மகனின் கோட்டில் துடைத்தாள்.

"லண்டனுக்கு வந்தும் சாணிக்குள்ளையோ சீவியம்? எங்கட பரம்பரையிலை கல்வீடு இல்லாத இடத்திலை கைநனைச்சதே இல்லை. இந்தச் சம்பந்தம் சரிவராதெண்டு உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு!"

வதனி தலைகுனிந்தாள். கமலாம்பிகை காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

மறந்துவிட்ட குடையை எடுத்துவருவதாகச் சொல்லிக் குகராஜ் திரும்பி ஓடிவந்தான்.

"கோடிப் புண்ணியம் தங்கச்சி! இனி அம்மாவிட்டை என்ரை காதலி பியற்றிஸைப் பற்றி ஆறுதலாக் கதைக்கலாம்."

"செவன் கிங்ஸிலை இருக்கிற எங்கட உண்மையான கல்வீட்டைக் கண்டிருந்தா மாமி அங்கையே தாலிக்கு நாள் வைச்சிருப்பா. கெதியாப் போங்கோ அண்ணை, என்ரை மனேஜர் சாப்பிட்டிட்டு வரப்போறார்."

கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பலகையை எடுத்து வதனி வாசலில் மாட்டினாள்.

'பண்ணைவீட்டு அருங்காட்சியகம். அனுமதி இலவசம்.'