நவம்பர் வாக்கெடுப்பு

“இந்தப் பார்க்குக்கு எப்பவெல்லாம் வருவீங்க?” என்று வெர்லீனிடம் கேட்டான், பெஞ்சில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட். பூங்காவைச் சீரமைக்க நவம்பரில் வாக்கெடுப்பு வைக்கலாமா என்று கருத்துக் கேட்க நகராட்சி அனுப்பிய ஆள் அவன்.

“தினமும்தான்.” நாளெல்லாம் நடந்ததில் அவளுக்குக் கால் கடுத்தது.

“ஓட்டு ஜெயிச்சா சொத்து வரி கொஞ்சம் ஏறும்.”

“எனக்கு அது ஒரு பாரமில்ல தம்பி. கழிப்பறையில தண்ணி வரும்னா ஓட்டுப் போடுறேன்.”

“வரும். பெஞ்சுக்கு நடுவுலயும் கம்பி வைக்கிறோம். இனிமே யாரும் படுக்க முடியாது.”

“அப்படியா.” வெர்லீன் பெஞ்சையே பார்த்தாள்.

“உங்க வீட்டு விலாசம்?”

“நீ உட்கார்ந்திருக்கியே, அதுதான். கொஞ்சம் எந்திரி, நான் படுக்கணும்.”

டெஸ்மண்ட் எழுந்தான். விலாசக் கட்டத்தை நிரப்பாமலே போய்விட்டான்.