சினைப் பல்லிகளின் தீனி

வயிற்றில் முட்டையோடு இன்னொரு பெண் பல்லியும் கூண்டுக்குள் செத்துக் கிடந்ததைப் பார்த்து, பல்லி வளர்த்து விற்கும் பண்ணைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முட்டை வைக்கிற காலம்மா இது. பூச்சி மேல சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவித்தானே போடறே?"

"ஆமாங்கய்யா," என்றாள் தீனி போடுகிறவள்.

"அது இல்லேன்னா தாய் உசுருக்கே ஆபத்து. வாயில்லா ஜீவன், யார்கிட்ட போய்க் கேட்கும்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருக்குகிற பெண் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்தியவரும் இவர்தான்.

அவர் தலை மறைந்ததும் தீனிக்காரி பொடி டப்பாவைத் திறந்தாள். வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, மடமடவென்று குடித்தாள்.

பிறகு செத்த பல்லியைக் கையில் எடுத்தாள்.

"மன்னிச்சுக்கடி. சத்து மாத்திரை வாங்க வழியில்ல. எனக்கும் இது அஞ்சாம் மாசம்."