மொட்டைமாடி ஆட்டம்

"உங்க அண்ணன் பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அத்தை மாடி ஏணியை அண்ணாந்து பார்த்தாள்.

பெயிண்ட் குடோனின் மொட்டைமாடியில் அவள் அண்ணன் மகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே வாசலில் ஜாம்பிக் கூட்டம் இரும்பு ஷட்டரைப் போட்டு மொத்திக்கொண்டிருந்தது.

ஜாம்பிகளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் கண் படுகூர்மை. எது அசைந்தாலும் திரண்டு வந்துவிடும். அதனால்தான் குடோனில் ஒளிந்திருந்தவர்கள் ஜன்னல் அத்தனைக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு இருட்டில் கிடந்தார்கள். யோசனை சூப்பர்வைசருடையது. பெயிண்டுக்கும் அங்கே பஞ்சமில்லை.

அந்தப் புண்ணியத்தில்தான் காலையில் தெரு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று அவர் வாய்க்கு வாய் சொல்வார். லாரி டிரைவரும் தெருக்குழாயில் நிம்மதியாகத் தண்ணீர் பிடித்து வருவார்.

இப்போது சாயங்காலமானால் இந்தப் பெண் மாடியேறி அதையெல்லாம் கெடுக்கிறாள். வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயர் 'வாலு'. இங்கே எல்லோரும் அதையே வசவாக்கிவிட்டார்கள்.

"ஏய் வாலு, இறங்கு கீழே!" என்று ஏணியடியில் நின்று கத்தினார் டிரைவர்.

"இப்போ முடியாது!"

"எதுக்கு இந்தக் கூத்து?"

"மேல வந்து பாருங்க, தெரியும்!"

யாரும் ஏணியில் கால் வைக்கவில்லை.

"காலையில கதவு திறக்கறப்போ இவளை வெளிய அனுப்பிடலாம். ஒருத்திக்காக எல்லாரும் சாக முடியாது" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அத்தை ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் குடும்பத்தில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

"நான் போய்த் தரதரன்னு இழுத்துட்டு வர்றேன் சார். உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வைக்கிறேன்."

விறுவிறுவென்று மாடியேறினாள். கீழே தெருவில் அத்தனை ஜாம்பி முகங்களும் வாயைப் பிளந்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன.

"கன்னத்துல ரெண்டு வைக்கிறேன் பாரு!"

"வைங்க அத்தை. ஆனா கொஞ்சம் பொறுங்க" என்று ஆடிக்கொண்டே தெருக்கோடியைக் காட்டினாள் அவள்.

அங்கே செருப்புக்கடையிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் கேன்களோடு குழாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜாம்பிகள் எல்லாம் இங்கே இருந்ததால் அங்கே ஒன்றுகூட இல்லை.

அத்தையின் ஓங்கிய கை இறங்கியது. பயம் மட்டும் இறங்கவில்லை.

"நல்ல மனசுதான்டி. அதுக்காக நம்ம உயிரைப் பணயம் வைக்கணுமா? இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"சொன்னா ஏணியை எடுத்துடுவாங்க." அவளுக்கு மூச்சிரைத்தது. "அத்தை, காலையில நம்ம டிரைவர் தண்ணி பிடிக்கறப்போ தெரு எப்படிக் காலியா இருக்கு?"

"நாம இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாதுல்ல. அதான் பெயிண்ட் அடிச்சிருக்கோமே."

"பெயிண்ட் அடிச்சதால நமக்குத்தான் வெளிய நடக்கறது எதுவும் தெரியலை. காத்து வாங்க ஒரு நாள் காலையில மேல வந்தப்போ பார்த்தேன். நம்ம கதவு திறந்ததும் அவங்க கடைக்குள்ள நின்னு ஆடுறாங்க அத்தை. நம்ம ஆளு கேனைத் தூக்கிட்டு உள்ள வர்ற வரைக்கும் ஆடுறாங்க. அவங்களுக்காகத்தான் ஆடறதுக்கு யாருமே இல்லை."

அத்தை அந்தக் கடையைப் பார்த்தாள். ஷட்டர் கிடையாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. குறுக்கே ஒரு நீள விரிசல் விட்டு, அதன்மேல் டேப் ஒட்டியிருந்தது.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. நம்மிடம் இரும்பு ஷட்டர் இருந்தும் என்ன பேச்செல்லாம் பேசினோம்!

"என்னம்மா, ஆட்டத்தை நிறுத்திட்டாளா?" கீழேயிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்.

அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டியபடி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"இல்லை சார்! இங்க ஆள் பத்தலை, எல்லாரும் மேல வாங்க!"