ஒண்ணே ஒண்ணு போதும்

வெர்னா வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி ஹாரனை அழுத்தினாள். எதிர் மேட்டின் உச்சியில் இருந்த கிளைட் நிமிர்ந்து பார்த்து, தொப்பியைக் கழற்றி உற்சாகமாக ஆட்டினான். பிறகு மறுபடியும் குனிந்தான்.

"ஆறாவது தடவை" என்றாள் வெர்னா, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

அவளுடைய இடது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஈலி ஊரிலிருந்து மூன்று மணி நேரம் மண் ரோட்டில் வந்த இடம். போனில் சிக்னல் கிடையாது.

கல்லூரியில் உலர்செடி அறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு நில அளவைக்காரர் தாளில் ஒட்டிவைத்த செடி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் செடியை உயிரோடு பார்த்தவர் இல்லை. ஒன்பது கோடைக்காலமாக நெவாடாவின் வெள்ளை மண்மேடுகளை அவள் சல்லடை போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அது கிடைத்தே விட்டது. கட்டைவிரல் உயரம்கூட இல்லாமல், பூ முடிந்து, தரையோடு தரையாகச் சாம்பல் நிறத்தில் பதினான்கு கொத்துகள். இரண்டு முறை எண்ணிப் பார்த்து அழுதாள். தோண்டி எடுக்க வண்டியிலிருந்து கைக்கொத்தை எடுத்து வர ஓடியபோதுதான் சரளைக்கல் சறுக்கிவிட்டது.

லீவு போட்டு வண்டி ஓட்ட வந்த தம்பி கிளைட்தான் அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் உட்கார வைத்தான்.

"நீ படு. நான் போய் எடுத்தாறேன் உன் மகாராணியை."

"ஒண்ணே ஒண்ணு போதும் கிளைட். வேரோட, பதமா எடு. மத்ததுல கை வைக்காதே."

"எங்க இருக்கு?"

"உச்சியில மஞ்சப் பூவா தெரியுதுல்ல, அங்கதான்." வலியில் அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வரும் வழியெல்லாம் அந்தச் செடியைப் பற்றித்தான் பேசியிருந்தாள். கிளைட் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

போனவன் ஒருமுறை குனிந்து எழுந்திருந்தால் போதும். அவனோ நகர்ந்து நகர்ந்து குனிந்துகொண்டே இருந்தான். அவன் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஒன்பது... ஐயோ, பத்து..."

கதவைத் திறந்து இறங்கினாள். ஒற்றைக் காலில் இரண்டு எட்டு வைத்து, பொத்தென்று விழுந்தாள். "கிளைட்! போதும்டா! வாடா கீழே!"

காற்று மேட்டிலிருந்து அவளை நோக்கி அடித்தது. அவன் சீட்டியடிப்பது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவள் கத்தியது அவனை எட்டவே இல்லை.

பதினான்கு. அவன் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டான்.

வெர்னா தவழ்ந்து வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தாள். தொண்ணூறு வருஷம் யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்ததை, நானே ஆளனுப்பிக் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் மெதுவாக, குழந்தையை ஏந்துவதுபோல் எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தான். ஈரக் கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே, வேரோடு, ஒரே ஒரு மஞ்சள் பூச்செடி.

"சொன்ன மாதிரி ஒண்ணே ஒண்ணு. ஒரு இதழ்கூட உதிரல பாரு."

வெர்னா அதை வெறித்துப் பார்த்தாள். ஈலி தபால் ஆபீஸ் வாசலில்கூடத் தானாக முளைக்கிற காட்டுச் சாமந்தி. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"ஏண்டா, இது ரோட்டோரமெல்லாம் கிடக்கிற பூடா!"

கிளைட்டின் முகம் விழுந்துவிட்டது. "தப்பா கொண்டாந்துட்டேனாக்கா?"

"தப்பா கொண்டாந்தியே, அதுக்கு உனக்குக் கோயில் கட்டணும். பொறந்ததுலேர்ந்து நீ எனக்குச் செஞ்ச ஒரே உபகாரம் இதுதான்." அவன் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கால் சரியானதும் தானே ஊன்றுகோலோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பதினான்கு கொத்துகளும் எங்கே ஓடிவிடப் போகின்றன?

தம்பியின் மனசு நோகக் கூடாதென்று அந்தச் சாமந்தியைச் செய்தித்தாளில் விரித்து, செடி அழுத்தும் பலகைகளுக்கு நடுவே வைத்து, வாரை இழுத்து இறுக்கினாள்.

"ஆனா ஒண்ணுடா. ஒத்தைப் பூ பறிக்கவா அவ்வளவு நேரம் குனிஞ்சு குனிஞ்சு எழுந்தே?"

கிளைட் வெட்கத்தோடு தொப்பியைத் திருகினான்.

"உன் பூ செழிக்கட்டும்னு, சுத்திக் கிடந்த சாம்பல் கலர் களையெல்லாம் வேரோட புடுங்கிக் காத்துல வீசிட்டேன்க்கா."