உப்பில்லாத ரசம்

தணிகைவேலின் சமூக வலைத்தளக் கணக்கை முடக்கிய நிறுவனம், அதன் காரணத்தை அவன் மனைவி குமுதவல்லியின் கைபேசிக்கு அனுப்பியிருந்தது.

"மூன்று மாதமாக இவர் யாரையும் திட்டி எழுதவில்லை. எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார். வேறு ஆளோ என்று சந்தேகிக்கிறோம். மனைவி உறுதி செய்தால் கணக்கு திரும்பக் கிடைக்கும்."

இப்போதெல்லாம் அந்தக் கணக்கு இல்லாமல் பஸ்ஸில்கூட ஏற முடியாது. நான்கு நாளாக அவன் வேலைக்குப் போகவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு குமுதா? நான்தான்னு அமுக்கேன்," என்று கெஞ்சினான். இவன் எப்போது கெஞ்சியிருக்கிறான்?

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் அமுக்குறேன்."

வேண்டுமென்றே உப்புப் போடாமல் ரசம் வைத்திருந்தாள். முன்பென்றால் தட்டு பறக்கும். சுவரில் அந்த மஞ்சள் கறைகள் இன்னும் இருக்கின்றன. அவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, "நல்லாருக்கு" என்றான். தட்டையும் அவனே கழுவி வைத்தான்.

அதே மச்சம், அதே கோணல் பல். குமுதவல்லி வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு, கைபேசியில் "இவர் என் கணவர்தான்" என்ற பொத்தானை அழுத்தினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் குமுதா," என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுந்துபோய் வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டாள். அந்தப் பழைய ஆள் எங்கிருந்தாவது திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது?