கேம்ஷாஃப்ட் மேல் ஒரு புகார்

பந்தயம் தொடங்க முக்கால் மணி நேரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து சுதர்ஷனின் வண்டி மேல் ஆறுமுகசாமி புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். கேட்டதும் சுதர்ஷன் பயந்துபோனான்.

மைசூருக்கு வெளியே, மலைக்குப் பின்பக்கம் ஒரு மண் மைதானம். சுதர்ஷன் தயார் செய்த சிவப்புக் கார் வரிசையில் மூன்றாவதாக நின்றது. ஓட்டப்போகிறவள் அவன் அக்கா மகள் மஹதி. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு நம்ம மேல என்ன கோபம் மாமா என்று கேட்டாள்.

"வயித்தெரிச்சல். வேறென்ன?" என்றான் சுதர்ஷன்.

ஒரு காலத்தில் ஆறுமுகசாமியும் அவனும் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரே ஷெட்டில் கூட்டாக ரேஸ் எஞ்சின் வேலை பார்த்தவர்கள். போர்டில் யார் பேர் முதலில் வருவது என்பதில் தகராறு வந்து பிரிந்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதற்குத்தான். அதற்கப்புறம் ஐந்து வருஷமாகப் பேச்சு கிடையாது. போன வாரம் ஆறுமுகசாமி நாலைந்து தடவை போன் செய்தான். ஏதாவது பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிடுவான் என்று சுதர்ஷன் எடுக்கவே இல்லை.

சுதர்ஷன் பயந்ததற்குக் காரணம் வேறு.

எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டுமென்று வால்வுகளுக்குப் புது ஸ்பிரிங் போட்டிருந்தான். பழையதைவிட முரட்டு ஸ்பிரிங். அதைப் போட்டால், ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கிண்ணத்தையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும். ரீடெய்னர் என்பார்கள். உதிரிபாகம் விற்கும் உமேஷ் கடையில் ஸ்பிரிங் இருந்தது, ரீடெய்னர் தீர்ந்துவிட்டது. மறுபடி வர பத்து நாளாகும் என்றார்கள். சுதர்ஷன் பழைய ரீடெய்னர்களையே லேத்தில் ஓரம் சீவி உட்கார வைத்துவிட்டான். அரை நாள் பந்தயம்தானே, தாங்காதா என்ன?

மஹதியிடம் எல்லாமே புதுசு என்றுதான் சொல்லியிருந்தான்.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி சிவகுமார் காகிதத்தோடு வந்தார். நாலு பேர் கேட்க வாசித்தார். காரின் கேம்ஷாஃப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டை, மாற்றியிருப்பதாகச் சந்தேகமாம். அந்தப் பிரிவில் ஸ்பிரிங்கை மாற்றலாம், ரீடெய்னரை மாற்றலாம். கேம்ஷாஃப்ட்டை மட்டும் தொடக் கூடாது.

சுதர்ஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேம்ஷாஃப்ட்டை அவன் தொடவே இல்லை. அதை அளக்க வருகிறவன் கீழே இருக்கிற கிண்ணத்தையா பார்க்கப் போகிறான்?

"தாராளமா தெறந்து பாருங்க சார். கேம்ஷாஃப்ட்டுக்கும் சப்பாத்திக் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் ஷெட்டு வச்சிருக்கான்," என்றான், ஆறுமுகசாமி காதில் விழும்படி.

கூட்டம் சிரித்தது. ஆறுமுகசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யாரும் திறக்கக் கூடாதென்று எஞ்சினுக்கு அதிகாரிகள் நேற்று வைத்த சீலை உடைத்து, மூடியைக் கழற்றினார்கள். சிவகுமார் அளந்தார். கம்பெனி கேம்ஷாஃப்ட்தான், புகார் தள்ளுபடி என்று அறிவித்தார். புகாருக்குக் கட்டிய டெபாசிட்டும் போயிற்று. விசில் பறந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லி யாரோ கன்னடத்தில் கத்தினான்.

"செரிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறுமுகசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

சுதர்ஷன் மூடியை மாட்டப் போனான். சிவகுமார் அவன் கையைப் பிடித்தார். டார்ச்சை உள்ளே அடித்து, மூன்றாவது சிலிண்டரைப் பாருங்க என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

சீவிய ஓரத்திலிருந்து ரீடெய்னரின் நடுவரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

முதல் சுற்றிலேயே அது உடைந்திருக்கும். வால்வு பிஸ்டன் மேல் விழுந்து, ஓடுகிற எஞ்சின் அப்படியே இறுகி நின்றிருக்கும். திருப்பத்தில் நின்றால் வண்டி உருளும். காருக்குள் மஹதி பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

சுதர்ஷன் போய்க் கார்க் கதவைத் திறந்தான். இறங்கிடும்மா, இன்னைக்கு வேண்டாம் என்று அவளிடம் சொன்னான். நாமதானே ஜெயிச்சோம் மாமா என்று கேட்டவளின் பெல்ட்டை அவனே கழற்றிவிட்டான்.

திரும்பி வந்து சிவகுமாரைக் கும்பிட்டான். "நீங்க மட்டும் கவனிக்கலன்னா என்ன ஆயிருக்கும் சார்."

"நான் எங்க கவனிச்சேன்? ஆறுமுகசாமி சொல்லித்தான் பாத்தேன். உமேஷ் கடையில கடைசி செட் ரீடெய்னரை வாங்கினது அவருதான். நீங்க ஸ்பிரிங்கு மட்டும் வாங்கிட்டுப் போனீங்கன்னு தெரிஞ்சதும், அந்த செட்ட உங்களுக்குக் குடுக்கத்தான் போன் பண்ணியிருக்காரு. நீங்க எடுக்கல. காலையில எங்கிட்ட வந்தாரு. சீல் வச்ச எஞ்சினை புகார் இல்லாமத் தெறக்க முடியாதுன்னேன்."

சுதர்ஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ரீடெய்னர்னே எழுதியிருக்கலாமே சார். எதுக்கு இல்லாத கேம்ஷாஃப்ட்ட எழுதணும்?"

"நானும் அதத்தான் கேட்டேன்," என்றார் சிவகுமார், டார்ச்சை அணைத்தபடி. "'ரீடெய்னர்னு எழுதினா நாளைக்கு எவன் அவங்கிட்ட வண்டிய விடுவான்? கேம்ஷாஃப்ட்னே எழுதிக்கிறனுங்க, எம் பேரு போனாப் போவுது'ன்னாரு."