பந்தலுக்குக் கீழே ஒரு மணி நேரம்

வேல்விழிக்குக் கழுத்து கடுக்கிறது. பல்கலைக்கழகத்தில் நோயை மருத்துவம், கூலி, சட்டம் எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்கிறவள், காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று கொத்துகளில் நெருங்கிய பிஞ்சுகளைக் கத்தரியால் நறுக்குகிறாள். இலை இடுக்கு வெயில் கண்ணைக் குத்துகிறது. காலையில் அவளுடைய ஆய்வுக் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல, இங்கே கூலிக்குக் கொத்து வெட்டும் ஜக்கம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் வெட்டியிருக்கக்கூடிய அறுபது கொத்து போயிற்று. பொழுது சாய்வதற்குள் வரிசை முடியாவிட்டால் ஜக்கம்மாவுக்கு அரைக்கூலிதான். "அதை நானே வெட்டித் தாரேன் சின்னம்மா" என்று இன்னொரு கத்தரியை வாங்கியிருக்கிறாள் வேல்விழி. "டாக்டருக்கும் படிக்கல, நர்சுக்கும் படிக்கல. பெறகு என்னத்தத்தான் ஆத்தா படிக்கிற?" என்கிறாள் ஜக்கம்மா. "நோவு எதனால வருதுன்னு." "அதான் தலைக்கு மேல தொங்குதே! இதுக்கு எதுக்கு காலேஜு?" பந்தல் முழுக்கச் சிரிப்பு. மதியம் தூக்குவாளிகள் திறக்கின்றன. "படிச்ச பிள்ளைக்கு நம்ம சோறு எறங்காது, அங்கன விடுங்கடி" என்கிறது ஒரு குரல். எல்லோரும் வாய்க்கால் பக்கம் போய்விட்டார்கள். பைக்குள் இருக்கும் தாளில், வலி எத்தனை நாளாக என்ற கட்டத்தில், 'கழுத்து இருக்கிற நாள்பூரா' என்று ஜக்கம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறது. கத்தரி பிடித்த விரலில் கொப்புளம் கண்டிருக்கிறது. வேல்விழி இருபத்து மூன்று கொத்துதான் முடித்திருக்கிறாள். ஜக்கம்மாவுக்கு இன்னும் முப்பத்தேழு கொத்து பாக்கி.